பெயர் சொன்னால் கடமை வரும்

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த யாருக்கும் தகுதி வழக்கு நினைவிருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று. தேர்வில் கட்டாயம் வரும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போவார். மலம் கழித்துவிட்டு வந்ததை ‘கால் கழுவி வந்தேன்’ என்று சொல்வது இடக்கரடக்கல். செத்தார் என்பதை ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றும், சுடுகாட்டை ‘நன்காடு’ என்றும் சொல்வது மங்கலம். பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் ‘பறி’ என்று சொல்லிக்கொள்வது குழூஉக்குறி. கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலம்தான். அந்த உதாரணம் வரும்போது எந்த வகுப்பிலும் ஒரு பையனாவது சிரிப்பான்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இவற்றை வகைப்படுத்தியபோது, நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்லும் பழக்கம் ஒரு குற்றம் என்று கருதவில்லை. தகுதி என்றே பெயர் வைத்தார். அது சரிதான். துக்க வீட்டுக்குப் போகிறவர் ‘உங்க அப்பா செத்துட்டாராமே’ என்று கேட்க மாட்டார். ‘அப்பா தவறிட்டாராமே’ என்பார். இரண்டுக்கும் செய்தி ஒன்றுதான். கேட்பவருக்கு எல்லாமே தெரியும். எதுவும் மறைக்கப்படவில்லை, வலி மட்டும் கொஞ்சம் குறைகிறது.

குழூஉக்குறி அப்படியல்ல. கடைக்கு வந்தவருக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே ஏற்பட்ட பேச்சு அது. மங்கலம் கேட்பவரைக் காப்பாற்றுகிறது, குழூஉக்குறி பேசுபவரைக் காப்பாற்றுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான்.

பொது வாழ்க்கையில், அதாவது அரசு அறிக்கைகளிலும் அமைச்சர்களின் பதில்களிலும் ராணுவச் செய்திகளிலும் புழங்கும் மழுப்பல் மொழியைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் போதும். அது போட்டிருக்கும் வேஷம் மங்கலம். செய்யும் வேலை குழூஉக்குறியின் வேலை.

ஆள் இல்லாத வாக்கியங்கள்

அரசு அலுவலகத்தில் ஒரு மனுவாவது கொடுத்துப் பதில் வாங்கியவர்களுக்கு இந்த மொழி அறிமுகமானதுதான். ‘ஆவன செய்யப்படும்.’ ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ யார் எடுப்பார்? எப்போது எடுப்பார்? எடுக்காவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? இந்த வாக்கியங்களில் ஆளே இல்லை. ‘அதிகாரி நடவடிக்கை எடுப்பார்’ என்பது செய்வினை. அதைச் செயப்பாட்டுவினை ஆக்கினால் ‘அதிகாரியால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வர வேண்டும். அந்த ‘அதிகாரியால்’ என்ற ஒரு சொல் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது!

பஸ் டிக்கெட் விலை ஏறினால் அது ‘கட்டண மாற்றியமைப்பு’. கூட்டத்தில் சுட்டதில் ஆட்கள் செத்தால் அது ‘துரதிர்ஷ்டவசமான சம்பவம்’. சம்பவம் என்றால் புயல், மழை மாதிரி தானாக வந்து தானாகப் போவது என்று பொருள்படுகிறது. சுட்டவர் யார், சுடச் சொன்னவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டுமல்ல. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்ட அமெரிக்க அதிபர் ரீகன், 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசும்போது கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். பொறுப்பு தன்னுடையது என்றும் அதே உரையில் சொன்னார். ஆனால் தவறு செய்தவர் யார் என்பது மட்டும் அந்த வாக்கியத்தில் வரவில்லை. இந்த வகை வாக்கியத்துக்கு வில்லியம் ஷ்னைடர் என்ற அரசியல் ஆய்வாளர் ‘குற்றம் நீக்கும் இறந்தகாலம்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் போல இலக்கணத்தில் இதுவும் ஒரு காலமாம்.

அமெரிக்க ஆங்கில ஆசிரியர்கள் சங்கம் ஒன்று 1974 முதல் மோசமான மழுப்பல் பேச்சுக்கென்றே ஒரு கேலி விருது கொடுத்துவந்தது. முதல் விருது கம்போடியாவில் இருந்த ஒரு விமானப்படை கர்னலுக்குப் போனது. நீங்கள் எப்போது பார்த்தாலும் குண்டுவீச்சு, குண்டுவீச்சு என்றே எழுதுகிறீர்கள், அது குண்டுவீச்சு அல்ல, வான்வழி ஆதரவு என்று அவர் பத்திரிகையாளர்களைக் கோபித்துக்கொண்டாராம். கீழே இருந்த கம்போடிய விவசாயிக்கு அந்த ஆதரவு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்னவை ஓரளவு சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆனால் ஒரு சொல்லை அரசுகள் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தவிர்க்கின்றன என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அவமானம், இமேஜ், தேர்தல் எல்லாம் காரணம்தான். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சில சொற்களோடு கடமை ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு சும்மா இருக்க முடியாது. சும்மா இருக்க வேண்டுமானால் பெயரைச் சொல்லக்கூடாது.

பஞ்சம் என்று சொல்லாத பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலேய அரசு ஒரு பஞ்சக் கமிஷன் அமைத்தது. 1880இல் அதன் அறிக்கை வந்தது. அதிலிருந்து பஞ்ச விதிகள் பிறந்தன. ஒரு பகுதியில் பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் அதிகாரிகள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த விதிகளில் இருந்தன. உடல் வலு உள்ளவர்களுக்கு நிவாரண வேலை தர வேண்டும். வேலை செய்ய முடியாதவர்களுக்கு இலவசமாக உணவு தர வேண்டும். இவ்வளவு உணவு என்று அளவுகூட இருந்தது. அந்தக் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு.

1943இல் வங்காளத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிராமங்களிலிருந்து நடந்து கல்கத்தா வந்து நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை எலும்பும் தோலுமான மனிதர்களின் படங்களை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அரசு ஆவணங்களில் அந்த மனிதர்களுக்கு ‘ஆதரவற்றோர்’ என்று பெயர். பசித்தவர் என்றால் சோறு போட வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். ஆதரவற்றவர் என்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பலாம்.

கடைசிவரை பஞ்சம் என்று அறிவிக்கப்படவே இல்லை. ஏன் என்பதற்கு ஒரு கடிதமே இருக்கிறது. வங்காள ஆளுநராக அப்போது பொறுப்பில் இருந்த ரூதர்ஃபோர்டு 1943 அக்டோபரில் வைஸ்ராய்க்கு எழுதினார். விதிகளில் சொல்லியிருக்கும் அளவுக்கு உணவு கொடுக்க எங்களிடம் உணவு இல்லை, அதனால்தான் பஞ்ச விதிகளை அமல்படுத்தவில்லை என்பது அதன் சாரம். பஞ்சத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இந்த வாதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பஞ்சம் என்று சொன்னால் சோறு போட வேண்டும். போட சோறு இல்லை. ஆகவே இது பஞ்சம் இல்லை. இப்படி ஒரு தர்க்கத்தில் செத்தவர்களின் எண்ணிக்கை, 1945இல் வந்த அரசு விசாரணை கமிஷனின் கணக்குப்படியே சுமார் 15 லட்சம். பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள்.

எத்தனை செயல்கள் சேர்ந்தால்?

அரை நூற்றாண்டு கழித்து, வேறொரு கண்டத்தில், இதே தர்க்கம் இன்னும் நாகரிகமான உடையில் வந்தது.

ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் சின்ன நாடு ருவாண்டா. 1994 ஏப்ரல் 6 அன்று அதன் அதிபர் வந்த விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே படுகொலை ஆரம்பித்துவிட்டது. ஹூட்டு தீவிரவாதிகள் துத்சி மக்களையும், கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளையும் வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். தேவாலயத்தில் ஒளிந்தவர்களையும் விடவில்லை. சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களுக்கும் ஒரு குழூஉக்குறி இருந்தது. கொல்வதை அவர்கள் ‘வேலை’ என்று சொல்லிக்கொண்டார்கள். காலையில் வேலைக்குப் போனார்கள், மாலையில் வேலை முடிந்து வந்தார்கள்.

இனப்படுகொலை என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘ஜெனோசைட்’ பழைய சொல் அல்ல. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944இல் உருவாக்கியது. அவருடைய விடாமுயற்சியால் 1948 டிசம்பரில் ஐ.நா. சபை இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை ஏற்றது. இனப்படுகொலையைத் தடுப்பதும் தண்டிப்பதும் தங்கள் பொறுப்பு என்று அதில் கையெழுத்திட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அதாவது, அந்தச் சொல்லுக்குள்ளேயே கடமையை வைத்துத் தைத்திருந்தார்கள். அமெரிக்காவும் 1988இல் அதில் சேர்ந்தது.

ஆனால் 1993 அக்டோபரில்தான் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். இன்னொரு ஆப்பிரிக்க நாட்டுக்குப் படை அனுப்ப வாஷிங்டனில் யாருக்கும் மனமில்லை. 1994 மே 1 தேதியிட்ட பாதுகாப்புத் துறையின் ஆலோசனைக் குறிப்பு ஒன்று பிற்பாடு வெளியானது. இனப்படுகொலை விசாரணை என்ற பேச்சில் கவனமாக இருங்கள், அப்படி ஒரு முடிவு வந்தால் அமெரிக்க அரசு உண்மையிலேயே ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும் என்று வெளியுறவுத் துறையின் சட்டப் பிரிவு கவலைப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. வெளியே மழுப்பலாகப் பேசியவர்கள் உள்ளே இவ்வளவு பளிச்சென்று எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மழுப்புகிறவருக்கு உண்மை தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்ததனால்தான் எந்தச் சொல்லைச் சுற்றிப் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிகிறது.

ஐ.நா.விலும் இதே கதை. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புக் கவுன்சில் ருவாண்டாவில் இருந்த சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. ஏப்ரல் 30 அன்று ஒரு அறிக்கை வெளியிட்டது. இனப்படுகொலைக்கு ஒப்பந்தத்தில் உள்ள விளக்கத்தையே ஏறக்குறைய அப்படியே எடுத்துப் போட்ட அறிக்கை அது. ‘இனப்படுகொலை’ என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

வெளியுறவுத் துறை கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. ‘இனப்படுகொலை நடக்கிறது’ என்று சொல்லக்கூடாது. ‘இனப்படுகொலைச் செயல்கள் நடந்திருக்கின்றன’ என்று சொல்லலாம். ஜூன் 10 அன்று செய்தியாளர் கூட்டத்தில் துறையின் பேச்சாளர் கிறிஸ்டின் ஷெல்லி இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது ராய்ட்டர்ஸ் செய்தியாளர் ஆலன் எல்ஸ்னர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு இனப்படுகொலை ஆவதற்கு எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் தான் இல்லை என்றார் ஷெல்லி.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேலே இருந்தவர்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். அதே நாளில் வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர், அந்தச் சொல்லில் ஏதாவது மந்திரம் இருக்கிறது என்றால் சொல்வதில் தனக்குத் தயக்கமில்லை என்று சலிப்போடு சொல்லி முடித்தார். அதற்குள் இரண்டு மாதம் போயிருந்தது. சாக வேண்டியவர்களில் பெரும்பாலோர் செத்திருந்தார்கள்.

1998 மார்ச்சில் அதிபர் கிளின்டன் கிகாலிக்குப் போனார். விமான நிலையத்தில் உயிர் தப்பியவர்கள் முன்னால் பேசும்போது, இந்தக் குற்றங்களை அவற்றுக்குரிய பெயரான இனப்படுகொலை என்று உடனே சொல்லாமல் போனோம் என்று ஒப்புக்கொண்டார். படை அனுப்பாதது போன்ற எத்தனையோ தவறுகள் இருக்க, பெயர் சொல்லாததையும் ஒரு தவறாக அவர் எண்ணியது முக்கியம்.

நலன்புரி, தீவிரம், சித்திரவதை

இலங்கையில் 2009இல் போர் முடிந்தபோது கிட்டத்தட்ட 3 லட்சம் தமிழர்கள் வவுனியா பக்கத்தில் மெனிக் பாம் போன்ற இடங்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். அரசு வைத்த பெயர் ‘நலன்புரி நிலையம்’. அந்த ஆண்டு டிசம்பர் வரை பெரும்பாலோர் விருப்பம்போல வெளியே போய்வர முடியவில்லை. ஒருவரைத் தடுத்து வைத்தால் காரணம் சொல்ல வேண்டும், நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். நலம் செய்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. போரின் பெயரும் ‘மனிதாபிமான நடவடிக்கை’. பொதுமக்களுக்குச் சேதமே இல்லை என்பது கொள்கை என்றார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த குழுவோ, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று 2011இல் எழுதியது. மறுபக்கமும் இந்த விஷயத்தில் சுத்தமில்லை. மக்கள் தாமாகவே தங்களோடு இருக்கிறார்கள் என்று புலிகள் சொல்லிவந்தார்கள். தப்பிப்போக முயன்றவர்களை அவர்கள் சுட்டார்கள் என்பதையும் அதே குழு பதிவு செய்திருக்கிறது.

அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்குப் பிறகு ‘தீவிரப்படுத்திய விசாரணை முறைகள்’ என்று ஒன்று வந்தது. கைதியைப் பலகையில் கட்டி, முகத்தில் துணி போட்டு, மூச்சு முட்டும்வரை தண்ணீர் ஊற்றுவதும் அதில் ஒன்று. ஒரே கைதிக்கு 2003 மார்ச் மாதத்தில் மட்டும் 183 முறை இப்படிச் செய்ததாக அரசின் ஆவணங்களே சொல்கின்றன. அமெரிக்கா கையெழுத்திட்ட ஐ.நா. ஒப்பந்தப்படி சித்திரவதை குற்றம், எந்தச் சூழ்நிலையும் அதற்குச் சாக்கு ஆகாது. எனவே அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2002 ஆகஸ்ட் 1 தேதியிட்ட சட்டத் துறைக் குறிப்பு ஒன்று, உறுப்பு செயலிழப்பதற்கோ சாவுக்கோ ஈடான வலி இருந்தால்தான் சித்திரவதை என்று வரையறுத்தது. வலியைக் குறைக்கவில்லை, சொல்லைச் சுருக்கினார்கள். ஊசியின் காதைச் சின்னதாக்கிவிட்டு நூல் நுழையவில்லை என்பது போல.

பத்திரிகைகளும் பல ஆண்டுகள் அரசின் சொல்லையே பயன்படுத்தின. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் அதிபர் ஒபாமா சிலரைச் சித்திரவதை செய்தோம் என்று நேராகச் சொன்னார். அதே மாதம்தான் நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர், இனி அந்தச் சொல்லையே பயன்படுத்துவோம் என்று அறிவித்தார். நடந்து முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

விஷவாயு தாக்கி பலி

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைப்பவர்கள், உள்ளூர் நாளிதழில் அடிக்கடி வரும் ஒரு தலைப்பை நினைத்துப் பார்க்கலாம். ‘கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர் விஷவாயு தாக்கி பலி.’ தமிழ்நாட்டில் இதைப் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால், இறங்கியவர் தொழிலாளர். தாக்கியது விஷவாயு. இறக்கியவர் யார்? அவர் வாக்கியத்தில் இல்லை. குற்றவாளிக் கூண்டில் வாயு நிற்கிறது.

மனிதர்கள் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 2013இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் இரண்டு விளக்கங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, சுகாதாரமற்ற கழிப்பறைகளிலும் அது போன்ற இடங்களிலும் கையால் மலம் அள்ளுவது. மற்றது, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைக்கும் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’. இரண்டுமே சட்டப்படி குற்றம்தான். ஆனால் இரண்டாகப் பிரிந்திருப்பதில் ஒரு வசதி இருக்கிறது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு மக்களவையில் கொடுத்த கணக்குப்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 340 பேர். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி. மலம் அள்ளும் தொழிலால் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அமைச்சர் பதில் சொன்னார்.

இரண்டு பதிலும் பொய் இல்லை! இந்த மொழியின் உச்சம் இதுதான். சொல்லுக்குச் சொல் எடுத்துப் பார்த்தால் உண்மை, மொத்தமாகப் பார்த்தால் பொய். செப்டிக் டேங்குக்குள் செத்தவர் மலத்தில்தான் மூழ்கிச் செத்தார். ஆனால் காகிதத்தில் அவர் வேறு பத்தியில் இருக்கிறார். ‘மலம் அள்ளுவோர்’ என்ற பெயர் கிடைத்தால் அவரை அடையாளம் காண வேண்டும், மறுவாழ்வு கொடுக்க வேண்டும், ரொக்க உதவி கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் கிடைக்காதவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. சாக்கடையில் இறங்குவோரையும் சேர்த்துக்கொள்ளும் நமஸ்தே திட்டம் 2023இல்தான் வந்தது.

நீதிமன்றம் இந்தப் பிரிவினையில் மயங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1993 முதல் சாக்கடையில் இறந்த எல்லாருடைய குடும்பத்துக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பெயர் எதுவானாலும் சாவு சாவுதான் என்பதே அதன் பொருள்.

கவனமும் மழுப்பலும்

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். பெரிய சொற்களை எடுத்தவுடன் வீசலாமா? எல்லாக் கலவரத்தையும் இனப்படுகொலை என்றும், எல்லா விலையேற்றத்தையும் பஞ்சம் என்றும் சொன்னால் அந்தச் சொற்கள் தேய்ந்துபோகாதா? உண்மையான பஞ்சம் வரும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்களே!

ஆட்சேபணை சரிதான். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாவற்றையும் படுகொலை என்பதும், ஆளும் கட்சியான பிறகு எதையுமே சம்பவம் என்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள். ஆனால் கவனமாகப் பேசுவதும் மழுப்புவதும் ஒன்றல்ல. கவனமாகப் பேசுகிறவர், இன்னின்ன ஆதாரம் வந்தால் இந்தப் பெயரைச் சொல்வேன் என்பார். அந்த ஆதாரத்தைத் தேடியும் போவார். மழுப்புகிறவர் எவ்வளவு ஆதாரம் வந்தாலும் சொல்ல மாட்டார். எவ்வளவு வந்தால் சொல்வீர்கள் என்று கேட்டாலும் சொல்ல மாட்டார். எல்ஸ்னர் கேட்டது அந்தக் கேள்விதான். அதனால்தான் அதற்குப் பதில் இல்லாமல் போனது.

இந்த மொழியைத் திருத்த முடியாது என்றும் இல்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அரசியல் சட்டம் 352ஆவது பிரிவில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல் இருந்தது. எதை வேண்டுமானாலும் குழப்பம் என்று சொல்லலாம். சொன்னார்கள். 21 மாதம் நாடு வாயை மூடிக்கொண்டிருந்தது. 1978இல் 44ஆவது திருத்தம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று போட்டது. குழப்பம் கண்ணுக்குத் தெரியாது, ஆயுதம் தெரியும். ஒரு மழுப்பல் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்தது, அதனால் அடிபட்டவர்கள் கேட்டதனால்தான் நடந்தது.

அரசியல் சட்டத்தைத் திருத்துவது எல்லாராலும் முடியாது. ஆனால் ஒரு அறிக்கையையோ செய்தியையோ படிக்கும்போது மூன்று கேள்வி கேட்க எல்லாராலும் முடியும். யார்? யாரை? என்ன செய்தார்? ஆறாம் வகுப்பில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று சொல்லிக் கொடுத்ததுதான். மூன்றில் ஒன்று காணவில்லை என்றால் அது எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்ற தலைப்பில் இந்த மூன்றையும் நிரப்பினால் இப்படி வரும்: ‘முகமூடியும் கயிறும் கொடுக்காமல் இரண்டு பேரை ஒப்பந்தக்காரர் தொட்டிக்குள் இறக்கினார். இருவரும் செத்தார்கள்.’ தலைப்புக்கு இது கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படித்தவர் யாரும் வாயுவைக் குறை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டார். அந்த ஒப்பந்தக்காரர் இப்போது எங்கே, அவருக்கு வேலை கொடுத்தது யார் என்று கேட்பார்.